ஜன்னல் மாடு

புதியவள் அந்த ஆராய்ச்சிக் கொட்டகைக்கு முதன்முதலாக வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடத்தையும் தாண்டி, தீவனப்புல் வயல்களுக்கு நடுவே போன மண்பாதையின் முடிவில் அது தனியாக நின்றது. தகரக் கூரை, நீளமான சிமெண்டுத் தரை, இரு பக்கமும் தொட்டிகள். ஒரு காலத்தில் எல்லாத் தொட்டிக்கும் மாடு இருந்திருக்க வேண்டும். இப்போது கடைசித் தொட்டியைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடந்தது. சாணமும் புளித்த தீவனமும் கலந்த வாசனை வந்தது. கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மேற்கொண்டு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்திருப்பவளுக்கு அந்த வாசனை ஒன்றும் புதிதல்ல. இவ்வளவு பெரிய கொட்டகை இவ்வளவு அமைதியாக இருந்ததுதான் புதிது.

வாசலில் தீவன மூட்டை ஒன்றில் சாய்ந்தபடி பண்ணை மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"புது டாக்டரம்மாவா?" என்றார், எழுந்திருக்கும் உத்தேசம் எதுவும் இல்லாமல்.

"ஆமாங்க."

"பழைய டாக்டரம்மா இந்நேரத்துக்கு வந்து, வேலையை முடிச்சு, திரும்பியே போயிருப்பாங்க."

புதியவளுக்குச் சுருக்கென்றது. வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் ஓர் ஒப்பீடு. சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே நடந்தாள்.

கடைசித் தொட்டியில் நின்ற மாட்டைப் பண்ணையில் எல்லோரும் ஜன்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமான பெரிய பசு. அதன் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால், சின்னத் தட்டு அளவில் ஒரு வட்ட ரப்பர் மூடி. மூடியைத் திறந்தால் நேராக மாட்டின் முதல் இரைப்பை. தின்றது எப்படி ஊறுகிறது, எந்தத் தீவனம் எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பதற்காக ஆராய்ச்சிப் பண்ணைகளில் அறுவை செய்து இப்படி ஒரு துளை வைப்பது உண்டு. காயம் ஆறிவிட்டால் மாட்டுக்கு அதனால் தொந்தரவு இல்லை. மூடியோடு பல வருஷம் வாழும். ஆராய்ச்சி மாணவர்கள் தோள்வரை நீளும் கையுறையைப் போட்டுக்கொண்டு அந்த வழியாகக் கையை விடுவார்கள். உள்ளே ஊறிக் கிடப்பதைப் பிடிபிடியாக எடுத்து, துணியில் வைத்துப் பிழிந்து, நீரைப் பிளாஸ்கில் பிடித்து, சூடு ஆறுவதற்குள் பரிசோதனைக்கூடத்துக்கு ஓடுவார்கள்.

ஜன்னலுக்கு அந்தத் துளை வைத்த நாளிலிருந்து கூடவே இருந்தவள், அந்தப் பழைய டாக்டரம்மா. புதியவள் மனதுக்குள் அவளுக்கு முந்தியவள் என்று பெயர் வைத்தாள். முந்தியவள் இப்போது உயிரோடு இல்லை. ஆராய்ச்சி பாதியில் இருந்தபோது காய்ச்சல் என்று படுத்தாள், படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுடைய தலைப்பு, மேஜை, மாடு எல்லாம் அநாதையாக நின்றன. இடம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருந்த புதியவளைக் கூப்பிட்டு, "எடுத்துச் செய்றியா?" என்று பேராசிரியை கேட்டபோது அவள் யோசிக்கக்கூட இல்லை.

"செத்துப் போனவங்க ஆராய்ச்சியை எடுத்துக்கறது ரெண்டாந்தாரமா வாழ்க்கைப்படற மாதிரிம்மா," என்றார் பின்னாலேயே வந்த மேஸ்திரி. "மூத்தவ படத்தைப் பார்த்துக்கிட்டேதான் குடும்பம் நடத்தணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். புதியவள் சிரிக்கவில்லை.

கொட்டகையை ஒட்டி ஒரு சிறிய அறை இருந்தது. பிளாஸ்குகள், பிழிகிற துணிகள், கையுறைப் பெட்டி எல்லாம் அங்கேதான். கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் வெளுத்துப்போன நீலக் கோட்டு ஒன்று தொங்கியது. அது யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தோள்பக்கம் இன்னும் ஓர் ஆளின் உருவத்துக்கு வளைந்திருந்தது.

"யாரும் எடுக்கலை," என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்தி. "எடுக்கணும்னு தோணலை."

"நான் என் கோட்டை எங்க மாட்டறது?"

"கீழ ஒரு ஆணி இருக்கு பாருங்க."

புதியவள் தன் புத்தம்புதிய வெள்ளைக் கோட்டைக் கீழே இருந்த ஆணியில் மாட்டினாள்.

பிறந்ததிலிருந்தே அவள் இப்படித்தான் வளர்ந்தாள். வீட்டில் ஓர் அக்கா. அக்கா போட்டுக் கழித்த சட்டை, அக்கா படித்து முடித்த புத்தகம், அக்கா ஓட்டிப் பழகிய சைக்கிள். பள்ளியில் வாத்தியார்கள் வருகைப் பதிவு எடுக்கும்போதே, "ஓ, நீ அவ தங்கச்சியா?" என்பார்கள். தனக்கு மட்டும் என்று ஒன்று, யாருடைய கையும் படாததாக, வாழ்க்கையில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றுதான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். வந்த இடத்தில் ஓர் அக்கா செத்துப்போய்க் காத்திருந்தாள்.

அதுவும் சாதாரண அக்கா இல்லை. பரிசோதனைக்கூடத்தில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் குரல் குழைந்தது. பேராசிரியைக்கு இன்னும் மோசம். "அவ கை ராசியான கை," என்பார். "உள்ள கை விட்டா மாடு அசை போடறதைக்கூட நிறுத்தாது. எந்த இடத்துல எடுக்கணும்னு அந்தக் கைக்குத் தெரியும்." இதைச் சொல்லும்போது அவர் புதியவளின் கைகளைப் பார்ப்பார். புதியவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். வயிறு எரியும்.

ஜன்னலோ அவளைக் கிட்டவே சேர்க்கவில்லை. அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் தலையைத் தூக்கும். ஆவலோடு பார்க்கும். ஆனால் அவளைப் பார்க்காது; அவளுக்குப் பின்னால், வாசலைப் பார்க்கும். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மூச்சை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூடியில் கையை வைத்தால் போதும், வயிற்றை இறுக்கிக்கொண்டு கம்பிச் சட்டம் அதிர உதைக்கும். வெல்லம் கொடுத்தாள், தடவிக் கொடுத்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். படிப்புப் பருவம் பாதி போனது. ஒரு பிளாஸ்குகூட நிரம்பவில்லை.

"ஆட்டுப் பிரிவுல ஒரு பையன் வேலையை முடிச்சுட்டுச் சும்மா இருக்கான்," என்றார் பேராசிரியை ஒரு நாள், கண்ணாடியைத் துடைத்தபடி. "இந்த மாசத்துக்குள்ள நீ சாம்பிள் எடுக்கலைன்னா மாட்டை அவனுக்குக் குடுத்துடுவேன். தலைப்பும் அவனுக்குத்தான் போகும். நான் என்னம்மா செய்யறது?"

அன்று மாலை விடுதி வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாரும் அவளையே சொல்றாங்கக்கா. மாடுகூட அவளைத்தான் தேடுது."

"ஏன்டி, உயிரோட இருக்கறவங்க மேல பொறாமைப்பட்டு முடிஞ்சு, இப்ப செத்தவங்க மேல ஆரம்பிச்சுட்டியா?"

"நீ சிரிக்காதே."

"சிரிக்காம? அந்தப் பொண்ணு பாவம், முடிக்காமப் போயிருக்கா. நீ முடிச்சு வையேன். அவளுக்கும் சேர்த்துதானே?"

அவளுக்கும் சேர்த்து என்றது புதியவளின் காதில் ஈட்டியாக ஏறியது. போனை வைத்துவிட்டாள். சின்ன வயதில் அக்காவின் பழைய சட்டையைத் தூக்கி எறிந்து அடி வாங்கியது நினைவுக்கு வந்தது. பழைய சட்டை என்றதும்தான் அந்த யோசனை வந்தது.

கல்லூரிக் காலத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் பயிற்சிக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு தாய் ஆட்டின் குட்டி செத்துப் பிறந்தது; இன்னொரு குட்டியின் தாய் செத்துப்போனது. குட்டி இழந்த தாய் வேற்றுக் குட்டியை முட்டித் தள்ளியது. பண்ணைக்காரர்கள் செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடிருந்த குட்டியின் மேல் சட்டை போல மாட்டிவிட்டார்கள். தாய் முகர்ந்தது. தன் குட்டி என்று நம்பி மடியைக் கொடுத்தது. சில நாள் பால் குடித்தபின், புதுக் குட்டியின் மேலேயே தாயின் வாசம் ஏறிவிட்டது. பிறகு தோலைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை புதியவள் ஆணியில் தொங்கிய தன் கோட்டைத் தொடவில்லை. கொக்கியில் தொங்கிய நீலக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள்.

அளவு சரியாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது.

அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஜன்னல் தலையைத் தூக்கியது. வாசலைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தது. மூக்கு விடைத்தது. பிறகு, தொண்டைக்குள்ளேயே, மெதுவாக ஒரு குரல் கொடுத்தது. கன்று ஈன்ற பசு கன்றைப் பார்த்துக் கொடுக்கிற குரல் அது. வேறு யாருக்கும் மாடு அந்தக் குரலைக் கொடுப்பதில்லை. மூடியைத் திறந்தாள். மாடு அசையவில்லை. கையை உள்ளே விட்டாள். முதலில் மெத்தையாக மிதந்த புல், அதற்குக் கீழே வெந்நீரின் சூடு. சுற்றிலும் இரைப்பை மெல்லப் புரண்டு கொடுத்தது. அள்ளினாள், பிழிந்தாள், பிளாஸ்க் நிரம்பியது. ஜன்னல் அசை போடுவதை நிறுத்தவே இல்லை.

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "அப்படியே அவ கை," என்றார்.

புதியவள் அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க முடியாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் நீலக் கோட்டுதான். வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் சில விஷயங்கள் அவளை உறுத்தத் தொடங்கின. காலையில் கொக்கியிலிருந்து எடுக்கும்போது கோட்டு கதகதப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் கழற்றி மாட்டியது போல. ஜன்னல் வழியாக வெயில் படுகிறதோ என்று பார்த்தாள். அந்த அறையில் ஜன்னலே கிடையாது.

ஒரு நாள் அவள் மாட்டின் பக்கம் குனிந்து நின்றிருந்தபோது, பின்னால் புல்கட்டை இறக்கிய மேஸ்திரி, வழக்கமான குரலில் கேட்டார்.

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

புதியவள் திரும்பினாள்.

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. புல்கட்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனவர் அன்று முழுக்கக் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

பயத்தைவிட ஆத்திரம்தான் அவளுக்கு அதிகமாக வந்தது. முதுகைப் பார்த்தால்கூட அவள்தானா? அந்த வாரத்திலேயே பேராசிரியை இன்னொன்றையும் சொன்னார். "கட்டுரை அனுப்பும்போது அவ பேரு முதல்ல வரட்டும்மா. அடுத்தது உன் பேரு. அதுதானே நியாயம்?" நியாயம்தான். யாரைக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். புதியவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

இதுவரை போட்டது போதும், மாட்டுக்குத் தன் வாசம் பழகியிருக்கும், இனித் தோலைக் கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள். பண்ணையின் பின்பக்கம், செத்த விலங்குகளை எரிக்கிற செங்கல் உலை ஒன்று இருந்தது. அன்று ஏதோ ஒரு கன்றை எரித்துக்கொண்டிருந்தார்கள். வேலையாள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நீலக் கோட்டைச் சுருட்டி உள்ளே போட்டாள். அது சட்டென்று பற்றிக்கொள்ளவில்லை. நெருப்பின் நடுவில், கைகளை மெல்ல விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அவள் நின்று பார்த்தாள். முழுவதும் கருகியபின்தான் திரும்பினாள், மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை தன் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பளிச்சென்ற காலை. வெளியே வயலில் மோட்டார் ஓடும் சத்தம். மேஸ்திரி புல் அறுக்கப் போயிருந்தார்.

ஜன்னல் அவள் பக்கம் திரும்பவில்லை.

அது கழுத்தை முழுக்க வளைத்து, தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி அந்த ரப்பர் மூடியை நக்கியது. பிறகு மூக்கை மூடியோடு ஒட்டி வைத்து, தொண்டைக்குள், மெதுவாகக் குரல் கொடுத்தது.

கன்றுக்குக் கொடுக்கிற குரல்.

புதியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைய சாம்பிளை விட்டால் மொத்த வரிசையும் வீணாகும். மாடு ஆட்டுப் பிரிவுப் பையனுக்குப் போகும். மாட்டுக்குப் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கையுறையைத் தோள்வரை இழுத்துவிட்டாள். மூடியைத் திறந்தாள். புளித்த சூடான காற்று முகத்தில் அடித்தது.

கையை விட்டாள்.

முழங்கைவரை போனது. தோள்வரை போனது. எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. மிதக்கும் புல். கீழே சூடான நீர். ஒரு பிடி அள்ளினாள். அள்ளிய பிடிக்குள் மெல்லிசாக, வழுவழுப்பாக என்னமோ தட்டுப்பட்டது.

புல்லின் வேர் என்று நினைத்தாள்.

வேருக்கு நகம் இருக்காது.

கையை இழுக்க வேண்டும் என்று மூளை சொல்லி, கை கேட்பதற்குள், அந்த விரல்கள் அவள் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்தன. அவசரமே இல்லாமல் நுழைந்தன. நுழைந்து மூடிக்கொண்டன.

இழுத்தாள். வரவில்லை.

மாடு நிம்மதியாக அசை போட்டது.

"விடு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

உள்ளே இருந்த கை விடவும் இல்லை, நசுக்கவும் இல்லை. அவள் கையைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே கூட்டிப் போனது. இன்னும் கீழே, கொஞ்சம் முன்னால், அவள் இத்தனை நாளில் தொட்டே இராத ஓர் இடத்துக்கு. அங்கே நீர் இன்னும் சூடாக, கெட்டியாக இருந்தது. அந்தக் கை அவள் உள்ளங்கையை விரித்து, அதில் அந்த நீர் நிறையும்படி குவித்துப் பிடித்தது. எழுதப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது போலத்தான் இருந்தது. அப்போது அவளுக்குப் புரிந்தது. இங்கேதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

செத்த பிறகும் சொல்லிக் கொடுக்கிறாள்.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பார்கள். புதியவளுக்கோ பயம் போன இடம் தெரியவில்லை. உச்சந்தலை வரை எரிந்தது. இத்தனை வருஷத்து அக்காக்கள், ஒப்பீடுகள், ஆணிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. மாட்டின் விலாவில் கன்னம் ஒட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் துளைக்குள் சொன்னாள்.

"இது என் மாடு. என் வேலை. நீ போய்ச் சேர்ந்துட்டே. இனிமே இங்க எல்லாம் எனக்குத்தான். உனக்கு ஒண்ணும் கிடையாது."

ஜன்னல் அசை போடுவதை நிறுத்தியது.

கொட்டகையில் ஓர் ஈயின் சத்தம்கூட இல்லை.

அவள் கையை ஒட்டி, துளையின் விளிம்பு வழியாக, ஒரு சூடான காற்று வெளியே வந்தது. மாட்டின் வயிற்றிலிருந்து காற்று வருவது இயல்புதான். ஆனால் அந்தக் காற்றில் ஒரு சொல் இருந்தது. கோபமில்லாத, களைத்துப்போன ஒரு பெண் குரல்.

"எடுத்துக்கோ."

விரல்கள் விலகின.

புதியவள் பின்னால் தடுமாறி விழுந்தாள். சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடியே கையுறையை உருவினாள். எங்கும் கிழிசல் இல்லை. உள்ளே அவள் கை தோள்வரை நனைந்து, ஆவி பறக்கச் சூடாக இருந்தது. குழாயில் எவ்வளவு நேரம் கழுவியும் அந்தச் சூடு போகவில்லை.

அதற்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை. நிஜமாகவே எதுவும் நடக்கவில்லை. பயந்து பயந்து மறுநாள் கையை விட்டாள். உள்ளே புல்லும் நீரும்தான் இருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஜன்னல் அவள் வரும்போதெல்லாம் குரல் கொடுத்தது. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று அவள் கைக்கு இப்போது தெரிந்திருந்தது. முடிவுகள் அருமையாக வந்தன. கட்டுரை கிளம்புகிற சமயத்தில் பேராசிரியையே கூப்பிட்டு, "யோசிச்சுப் பார்த்தேன். எல்லாம் நீ புதுசா எடுத்ததுதானே? உன் பேரு மட்டும் போதும்," என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் கை ராசியான கைம்மா," என்றார். வாழ்நாள் முழுக்க அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. காது குளிரக் கேட்டாள். "ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று பேராசிரியை கேட்டதற்கு, வெயில் என்றாள்.

பட்டம் வந்தது. அதே துறையில் வேலையும் வந்தது. வலது கை மட்டும் குளிர்காலத்திலும் ஆறாமல் இருந்தது. மருத்துவர்கள் நரம்பு என்றார்கள். அவளும் நரம்பு என்றே வைத்துக்கொண்டாள். முந்தியவளைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மேஸ்திரிகூட மறந்துபோனார்.

ஜன்னலுக்கு வயதாகிக்கொண்டிருந்தபோது, புதியவளின் கீழ் முதல் மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். வாய் ஓயாத பெண், அதனால் எல்லோரும் அவளை வானொலி என்றே கூப்பிட்டார்கள். வந்த முதல் நாளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடு முரண்டவே இல்லை. அடுத்த வாரமே அவளைக் கண்டால் குரல் கொடுக்க ஆரம்பித்தது. ஓய்வு பெறப் போகும் பேராசிரியை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு என்ன கை பாரு," என்றார் புதியவளிடமே. புதியவள் சிரித்தாள். வயிறு எரிந்தது.

அன்று கொட்டகைக்குள் நுழையும்போது வானொலி மேஸ்திரியிடம் அளந்துகொண்டிருப்பது கேட்டது.

"பழைய டாக்டரம்மா மாதிரி இல்லம்மா நீங்க," என்றார் மேஸ்திரி. "அவங்க சிடுசிடுன்னு இருப்பாங்க. மாடு உங்ககிட்டதான் சந்தோஷமா நிக்குது."

யாரைச் சொல்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. தன்னைத்தான் சொல்கிறார்.

மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டு, அசடு வழிந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நழுவினார். வானொலி ஒன்றும் தெரியாதவளாக, "வாங்க மேடம், இன்னிக்கு நானே தனியா எடுக்கறேன், நீங்க சும்மா பாருங்க," என்றாள். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள். புதியவள் கொஞ்சம் தள்ளி, தூணில் சாய்ந்து, கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டபடி நின்றாள்.

மாணவியின் கை உள்ளே போனது.

பைக்குள் புதியவளின் வலது கை நனைந்தது.

குனிந்து பார்த்தாள். கோட்டுப் பை உலர்ந்துதான் இருந்தது. ஆனால் கை வெந்நீரில் கிடந்தது. விரல்களைச் சுற்றிலும் ஊறிய புல் மிதந்தது. எல்லாப் பக்கமிருந்தும் இளஞ்சூடான சுவர் ஒன்று மெல்லப் புரண்டு அவள் கையை அணைத்துக்கொண்டது. அவளுக்குப் பழக்கமான இடம். எடுத்துக்கோ என்றபோது எதைக் கொடுத்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது.

முந்தியவள் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

மெல்லிய ரப்பர் உறை போட்ட விரல்கள் புல்லை விலக்கிக்கொண்டு வந்தன. அவள் உள்ளங்கையைத் தொட்டன.

வானொலியின் பேச்சு பாதியில் நின்றது.

"மேடம்," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "உள்ள என்னமோ இருக்கு."

புதியவள் தூணை விட்டு நகரவில்லை.

"மேடம், யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க."

ஜன்னல் கழுத்தைத் திருப்பியது. மாணவியைப் பார்க்கவில்லை. தூணோரம் நின்றவளைப் பார்த்து, தொண்டைக்குள், மெதுவாகக் குரல் கொடுத்தது.

"விடு," என்று அந்தப் பெண் அழுகையோடு கிசுகிசுத்தாள், மாட்டின் வயிற்றைப் பார்த்து. "தயவுசெஞ்சு விடு."

விடுவதற்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் புதியவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதை அவளுக்குச் சொன்னவள், கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். புதியவள் வாயைத் திறந்தாள். தன் மாட்டையும், இத்தனை வருஷத்து வேலையையும், அந்தப் பெண்ணின் ராசியான கையையும் நினைத்துப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டு, பைக்குள் விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.